அக்கரை ஆட்டக்காரன்

குண்டியாவா, சிம்பு மாகாணம்
12 ஜூலை 1997

அன்புத் தம்பி கிளீட்டஸுக்கு,

நான், ரோடா, சைலஸ் மூவரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? முழங்கால் வலி என்று போன வருடம் எழுதியிருந்தாயே, குறைந்ததா? உன் மனைவி மௌரீனைக் கேட்டதாகச் சொல்.

ஏப்ரலில் நின்ற மழை இன்னும் திரும்பவில்லை. நம் கிழங்குத் தோட்டத்தில் கம்பியை விட்டுத் தோண்டினால் விரல் பருமனில் நார்தான் வருகிறது. மேலே மலைப்பக்கம் இரவில் பனி இறங்கி, கொதிநீர் ஊற்றினாற்போலக் கொடிகளைக் கருக்கிவிட்டது. அங்குள்ளவர்கள் பன்றிகளைக் கொன்று தின்றுவிட்டு, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வருகிறார்கள். என் பள்ளியில் பாதி வகுப்பு காலி.

இந்த நேரத்தில்தான் நீ ஆடும் கிளப்பின் மேலாளர் கடிதம் எங்கள் மாகாண ரக்பி லீக் சங்கத்துக்கு வந்தது. பத்தொன்பது வயதுக்குட்பட்ட ஒரே ஒரு ஆட்டக்காரன் வேண்டுமாம். இரண்டு வருட ஒப்பந்தம், பயணச்சீட்டு அவர்கள் பொறுப்பு, ஜனவரியில் புறப்பட வேண்டும். தேர்வாளர்கள் மூன்று பேரில் நானும் ஒருவன். அறிவிப்பு ஒட்டிய நாளிலிருந்து என் வீட்டு வாசலில் ஆள் குறையவில்லை. இன்னொரு தேர்வாளரான சார்ஜன்ட் வாகாய் சொன்னார்: "ஹெட்மாஸ்டர், இது ஆட்டத்துக்கு ஆள் எடுக்கிறது இல்ல. யாரு வீட்டு அடுப்பு எரியணும்னு எடுக்கிறது."

சைலஸும் களத்தில் இருக்கிறான். நீ போகும்போது பதினோரு வயது. இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம். தலையை முன்னால் கொடுத்துத்தான் ஆளைப் பிடிக்கிறான். பார்த்தவர்கள் எல்லாம் "அப்படியே சித்தப்பன்" என்கிறார்கள்.

இந்த வருடம் நீ எத்தனை ஆட்டம் ஆடினாய்? படம் அனுப்பு, பள்ளிச் சுவரில் ஒட்ட வேண்டும். அவன் வந்தால் உன் வீட்டில் இடம் இருக்குமா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணன் அம்ப்ரோஸ்


தோர்ன்கேட், யார்க்ஷயர்
9 ஆகஸ்ட் 1997

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். முழங்காலும் நலம். அண்ணியும் சைலஸும் நலமா? வறட்சி என்று படித்து வருத்தப்பட்டேன். இங்கே மழைக்குக் குறைவில்லை. பாதியை அங்கே அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுவேன்.

அண்ணா, யாரையும் அனுப்பாதே.

இங்கே ஒன்றும் இல்லை. வருகிறவனைத் தராசில் நிறுத்துவார்கள், ஓடவிடுவார்கள், தோளைத் தட்டுவார்கள். ஊரில் பன்றி வாங்க வருகிறவன் முதுகை அழுத்திப் பார்ப்பானே, அதே கைதான். சமோவாவிலிருந்து ஒருவன் வந்தான், நல்ல பையன், சிரித்துக்கொண்டே இருப்பான். ஒரு பருவம் ஆடினான். இப்போது கோழி அறுக்கும் தொழிற்சாலையில் இருக்கிறான். ஊருக்கு அனுப்பும் படத்தில் மட்டும் கிளப் சட்டை போட்டுக்கொள்கிறான்.

வீடு சின்னது. சங்கத்தில் பேசி, ஆள் இல்லை என்று எழுதச் சொல். காரணம் கேட்காதே.

படம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் தம்பி
கிளீட்டஸ்


குண்டியாவா
2 செப்டம்பர் 1997

தம்பி கிளீட்டஸுக்கு,

உன் நலம் அறிந்தோம். இங்கே ரோடாவுக்கு இரண்டு வாரமாக வயிற்றுப்போக்கு, இப்போது எழுந்து உட்காருகிறாள். தண்ணீர் இல்லாததால் பள்ளியை மூடச் சொல்லிவிட்டார்கள். போன வாரம் மட்டும் நம் பக்கத்தில் நான்கு குழந்தைகளைப் புதைத்தோம். விமானத்தில் வந்த அரிசி மூட்டையை வாங்க வரிசையில் நின்ற ஒருவர் நின்றபடியே சாய்ந்துவிட்டார். நீயோ பசித்தவனைப் பார்த்து, இந்தச் சோற்றில் கல் இருக்கிறது, சாப்பிடாதே என்கிறாய்.

எத்தனை ஆட்டம் ஆடினாய் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. நீ அனுப்பிய படத்தில் கிளப் சட்டை பழையது, ரோடாகூடக் கண்டுபிடித்துவிட்டாள். ஊர் என்ன பேசுகிறது தெரியுமா? "மேல ஏறினவன் ஏணியை இழுத்துக்கிட்டான்." நான் உனக்காகச் சண்டை போட்டேன். இனி எப்படிப் போடுவது?

ஆள் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். இரண்டு பேர் மிஞ்சியிருக்கிறார்கள். ஒருவன் சைலஸ். அஞ்ச மாட்டான், விழுந்தாலும் முதலில் எழுவான், ஆனால் பந்து கையில் இல்லாதபோது என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியாது. இன்னொருவன் டொமினிக், ஏழாம் எண்ணில், ஆட்டத்தை நடத்துகிற இடத்தில், ஆடுகிறான். ஒல்லி. நான் பந்தைப் பார்ப்பதில்லை, பந்து இல்லாதவனின் கண்ணைத்தான் பார்ப்பேன். இவன் கண் எதிரணியின் காலில் இருக்கிறது. எவன் களைத்திருக்கிறான், எவன் குதிகாலில் நிற்கிறான் என்று பார்த்து, அந்த இடத்துக்குப் பந்தை அனுப்புகிறான். தப்பு செய்தால் தலை குனிவதில்லை, அடுத்த பந்துக்கு ஓடுகிறான். பதினாறு வருடமாகப் பிள்ளைகளை எடைபோடுகிறேன், இப்படி ஒருவனைப் பார்த்ததில்லை.

அவன் கூரியின் மகன். ஆற்றுக்கு அக்கரை. நம் பெரியப்பா மகன் கமில்லஸைக் கோடரியால் சாய்த்த கூட்டம்.

நீ இரண்டு மண்ணையும் அறிந்தவன். சொல், யாரை?

அண்ணன்
அம்ப்ரோஸ்


தோர்ன்கேட்
6 அக்டோபர் 1997

அண்ணனுக்கு,

அண்ணி தேறிவிட்டாளா? கொதிக்கவைத்த தண்ணீரையே குடியுங்கள். நான் நலம்.

டொமினிக்கை அனுப்பு. சைலஸ் வேண்டாம். டொமினிக்தான் நல்ல ஆட்டக்காரன், நீயே எழுதியிருக்கிறாய். மேலாளரிடமும் சொல்லிவிட்டேன்.

சைலஸ் படிக்கட்டும். சைலஸ் வேண்டாம்.

கிளீட்டஸ்


குண்டியாவா
1 நவம்பர் 1997

அன்புத் தம்பிக்கு,

ரோடா தேறிவிட்டாள். உடம்பில் மட்டும்தான். என்னோடு பேசி ஒன்பது நாள் ஆகிறது.

இறுதித் தேர்வு ஆட்டம் விமானத் திடலுக்குக் கீழே நடந்தது. புல் என்று ஒன்றும் இல்லை, செம்புழுதி. பையன்கள் அரை வயிற்றோடு வந்திருந்தார்கள். ஆட்டத்துக்கு முன் சார்ஜன்ட் ஆளுக்கு ஆறு பிஸ்கட் கொடுத்தார். சிலர் இரண்டைத் தின்று நான்கைக் காலுறைக்குள் செருகிக்கொண்டார்கள், வீட்டுக்கு.

இரண்டாம் பாதியில் சைலஸ் டொமினிக்கைப் பிடித்த பிடியில் மைதானமே எழுந்து நின்றது. நம் ஆட்கள் துள்ளிக் குதித்தார்கள். டொமினிக் புழுதியைத் துப்பிவிட்டு எழுந்தான். அடுத்த பந்தில் சைலஸ் மறுபடி பாய்வான் என்று அவனுக்குத் தெரியும். பாயவிட்டான். சைலஸ் விட்டுப்போன இடைவெளியில் பந்தைப் போட்டான், பின்னால் வந்தவன் நடந்தே போய்க் கோட்டைத் தொட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்றது என் மகன்.

மூன்று தேர்வாளர்களும் ஒரே பெயரை எழுதினோம். அறிவித்ததும் நம் ஆட்கள் என் கூரையில் கல்லெறிந்தார்கள். "சொந்தப் பிள்ளை சாப்பாட்டைப் பகையாளிக்குப் போட்டவன்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். சைலஸ் மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அப்பா, நீங்க தப்பா எழுதல. அவன்தான் ஆட்டக்காரன். நான் சும்மா முட்டுறவன்" என்றான். இப்படி ஒரு மகனை அனுப்பாமல் விட்டேனே என்று அப்போதுதான் நெஞ்சு வலித்தது.

ஆனாலும் ஒரு ஆறுதல். பத்தாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து நீயும் அதே பெயரைச் சொன்னாய். ஏணியை இழுத்துக்கொண்டான் என்றவர்களிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். நேர்மை நம் வீட்டில் இன்னும் சாகவில்லை, தம்பி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன் அம்ப்ரோஸ்


தோர்ன்கேட்
25 நவம்பர் 1997

மதிப்பிற்குரிய அம்ப்ரோஸ் அவர்களுக்கு,

உங்கள் வறட்சியை இங்கே தொலைக்காட்சியில் ஒரு நிமிடம் காட்டினார்கள். எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நாம் எழுதிப் பழக்கமில்லை. நான் எழுதுவது கிளீட்டஸுக்குத் தெரியாது.

நேர்மை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவர் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் ஆடி ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்கு முந்தைய பருவத்தில் ஒரே மாதத்தில் மூன்று முறை தலையில் அடிபட்டு நினைவு தப்பியது. மூன்று முறையும் மூக்கில் மருந்தைக் காட்டி, தண்ணீர் தெளித்து, உள்ளே அனுப்பினார்கள். நான் கம்பி வேலிக்கு வெளியே நின்று கைதட்டினேன், மன்னியுங்கள், எனக்கும் தெரியாது. இப்போது கிளப் மைதானத்தில் புல் வெட்டும் வேலை. அடுப்பை அணைக்க மறக்கிறார். நான் ரொட்டிக்கடை வேலை முடிந்து வரும்போது சில நாள் என்னையே உற்றுப் பார்த்து, யார் என்று தேடுகிறார். செப்டம்பரில் மைதானத்திலிருந்து வீட்டுக்கு வர வழி தெரியாமல் பேருந்து நிலையத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். சட்டையின் உட்பக்கம் முகவரி தைத்து அனுப்புகிறேன். உங்களுக்கு ஒரு கடிதம் எழுத அவருக்கு நான்கு நாள் ஆகிறது. மூளை நைந்துவிட்டது, திரும்பாது என்கிறார் மருத்துவர்.

இன்னொன்று. "சைலஸ் தப்பிச்சான், இன்னொருத்தன் வர்றான்" என்று என்னிடம் சொன்னார். நான் கேட்டேன், "அந்த இன்னொருத்தனுக்கும் அம்மா இருக்கால்ல?"

என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். வீட்டுத் தொலைபேசி எண்ணை மேலே குறித்திருக்கிறேன்.

மௌரீன்


குண்டியாவா
16 டிசம்பர் 1997

கிளீட்டஸ்,

இந்த வாரம் மழை வந்தது. எல்லோரும் வெளியே நின்று நனைந்தார்கள். நான் நனையவில்லை.

மௌரீன் எழுதிவிட்டாள். அவளைக் கோபிக்காதே. தம்பி, ஏன் என்னிடம் சொல்லவில்லை? நீ வழி தெரியாமல் உட்கார்ந்திருந்த மாதத்தில்தான் நான் உன்னிடம் எத்தனை ஆட்டம் என்று அதட்டினேன். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஆனால் இதையும் கேட்கிறேன். தீ என்று தெரிந்துதான் கூரியின் மகனை அனுப்பச் சொன்னாயா? நான் அதை நேர்மை என்று ஊரெல்லாம் காட்டினேன்.

ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போனேன். கமில்லஸ் செத்த பிறகு, ஆறு வருடத்தில் முதல் தடவை. கூரி வாசலிலேயே நிறுத்தினான். நடந்ததை முழுவதும் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் சிரித்தான். "இப்பதான் புரியுது. உன் பொண்டாட்டி பேசமாட்டேன்னுட்டா, உன் ஆளுங்க கல்லெறியுறாங்க. அதான் என் மகனைப் பயமுறுத்தி, உன் மகனை ஏத்திவிடப் பாக்குற. நல்லா கட்டுறய்யா கதை."

மௌரீனின் கடிதத்தை நீட்டினேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. டொமினிக் வாங்கிப் படித்தான், இரண்டு முறை. பிறகு என்னைச் சாலைவரை கொண்டுவந்து விட்டான். "ஐயா, நீங்க பொய் சொல்லல, தெரியுது. செப்டம்பர்ல என் தங்கச்சி போயிட்டா. மூணு வயசு. கடைசி வாரம் அவ கேட்டது வெறும் கிழங்குதான். இங்க இருந்தா என் தலை நல்லாத்தான் இருக்கும். தலைய வச்சுக்கிட்டு என்ன பண்ணட்டும்?"

அவன் ஜனவரி 24 அன்று புறப்படுகிறான்.

நீ திரும்பி வா. எப்படி இருக்கிறாயோ அப்படியே வா.

அம்ப்ரோஸ்


தோர்ன்கேட்
9 ஜனவரி 1998

அண்ணா,

அண்ணி நலமா. சைலஸ் நலமா. மழை வந்தது நல்லது.

ஆமாம்.

தெரிந்துதான் சொன்னேன். முதலில் யாரும் வேண்டாம் என்றுதான் எழுதினேன். மேலாளர் மூன்று முறை கேட்டார். ஊரிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்தால் புல் வெட்டும் வேலை நிலைக்கும் என்றார். அப்புறம் உன் கடிதம் வந்தது, அக்கரைக்காரன் என்று. கமில்லஸை நினைத்துக்கொண்டேன். சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் முகத்தைப் பார்த்ததில்லை, அதனால் முடிந்தது.

வர முடியாது அண்ணா. அங்கே பள்ளிச் சுவரில் என் படம் இருக்கிறது. அதன் கீழே போய் இப்படி நிற்க முடியாது.

அவன் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். எப்படி என்று தெரியவில்லை.

இதை எழுத ஆறு நாள் ஆனது.

கிளீட்டஸ்


தோர்ன்கேட்
22 மார்ச் 1998

தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு,

டொமினிக் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அம்மாவும் சைலஸும் சுகமா? இதை என் அப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள், அவர் கோபத்தைப் பொருட்படுத்தாமல்.

மௌரீன் அம்மா வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். குளிர் எலும்புக்குள் போகிறது. ரொட்டிக்கடையில் மிஞ்சியதை எல்லாம் எனக்கே தருகிறார். மூன்று கிலோ ஏறிவிட்டேன். ஐந்து ஆட்டம் ஆடிவிட்டேன், மேலாளருக்குத் திருப்தி. வீட்டுக்கு அரிசி வாங்க அனுப்பிய பணம் கிடைத்ததா என்று அப்பாவிடம் கேளுங்கள்.

உங்கள் தம்பியைப் பற்றி எழுத வேண்டும். ரயில் நிலையத்துக்கு மௌரீன் அம்மாவோடு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு, "சைலஸ், எதுக்குடா வந்த? வராதேன்னு சித்தப்பா சொன்னேன்ல?" என்று அழுதார். நான் சைலஸ் இல்லை, டொமினிக் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அதற்குப் பிறகு திருத்தவே இல்லை. இப்போது நான் அவருக்கு சைலஸ்தான். காலையில் என் காலணிக்கு நாடா கட்டிவிடுகிறார். ஆற்றுக்கு அக்கரைக்காரர்களோடு சேராதே என்று புத்தி சொல்கிறார். சரி சித்தப்பா என்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன் ஓர் ஆட்டத்தில் இரண்டு பேர் சேர்ந்து என்னைச் சாய்த்தார்கள். கண் இருட்டிவிட்டது. கண்ணைத் திறந்தபோது உங்கள் தம்பி மைதானத்துக்குள் மண்டியிட்டு என் தலையை மடியில் வைத்திருந்தார். "எந்திரிக்காதடா சைலஸ். படுத்துக்கோ. அவனுங்க எந்திரின்னு சொல்லுவானுங்க, எந்திரிக்காத." கூட்டம் சிரித்தது. இரண்டு பேர் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பித் திரும்பிக் கத்தியது முழுக்கக் கேட்டது. என் மூக்கில் மருந்து காட்டினார்கள். நான் எழுந்து ஆடினேன்.

இனி மைதானத்துக்குள் வந்தால் வேலை இல்லை என்று மேலாளர் அவரிடம் சொல்லிவிட்டார். அதனால் ஐயா, நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். விழுந்தால் சட்டென்று எழுந்துவிடுகிறேன், தலை சுற்றினாலும். எழுந்து அவர் நிற்கும் பக்கம் பார்த்துக் கையைக் காட்டுவேன். அப்போதுதான் அவர் கம்பியைத் தாண்டாமல் நிற்கிறார்.

நேற்றுப் பயிற்சியில் பந்து இரண்டாகத் தெரிந்தது. இதை அப்பாவிடம் படிக்க வேண்டாம்.

உங்கள் மாணவனாக இல்லாவிட்டாலும் அப்படியே எண்ணும்
டொமினிக் கூரி


குண்டியாவா
11 ஏப்ரல் 1998

அன்பு மகன் டொமினிக்குக்கு,

இங்கே எல்லோரும் நலம். தோட்டத்தில் கொடி ஓடத் தொடங்கிவிட்டது, இன்னும் மூன்று மாதத்தில் கிழங்கு. நீ அனுப்பியது வந்தது, உன் அம்மா இரண்டு மூட்டை அரிசி வாங்கினாள்.

வேண்டாம் என்று நீ சொன்னதையும் உன் அப்பாவிடம் படித்தேன். இந்தக் குடும்பத்தில் சொல்லாமல் விட்டது போதும்.

உன் அப்பா என் வீட்டுக்கு வந்தார். அவர் இக்கரை மண்ணை மிதித்ததை யாரும் பார்த்ததில்லை. எங்கள் ஆட்கள் கையில் கல்லோடு நின்றார்கள், சைலஸ் போய் முன்னால் நின்றான். கடிதத்தை முழுக்கக் கேட்டார். நான், "கூரி, என் தம்பி உன் மகனுக்கு என் மகன் பேரை வச்சிட்டான்" என்றேன்.

"வச்சிட்டுப் போகட்டும்" என்றார். "பேரு போனா போவுது. தலை இருக்கணும். உன் தம்பி சொன்னதையே நானும் சொன்னேன்னு எழுது. விழுந்தா எந்திரிக்காத. சோத்தை நாங்க பாத்துக்கிறோம். ரெண்டு பேரும் வந்து சேருங்க."

அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். கீழே இருப்பது அவர் பெருவிரல் ரேகை.

மகனே, இந்தக் கடிதம் உன் கைக்கு வர மூன்று வாரம் ஆகும். அதற்குள் மூன்று ஞாயிறு. இங்கே மண்சரிவில் தொலைபேசிக் கம்பி அறுந்து கிடக்கிறது. நாளை விடிந்ததும் நானும் உன் அப்பாவும் ஒரே லாரியில், தொலைபேசி வேலை செய்யும் கொரோக்காவுக்குப் போகிறோம். மௌரீன் வீட்டு எண் என்னிடம் இருக்கிறது. எடுக்கும்வரை அடிப்போம்.

அம்ப்ரோஸ்